மோசேக்கும் விடை தெரியாத கேள்வி

போதகர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய அரை வருடம் ஓடிவிட்டது. காரைக்குடியில் எங்களுடையது சின்னச் சபைதான். ஞாயிறு ஆராதனையில் மின்விசிறிக்கு ஒரு குடும்பம் என்று பிரிந்து உட்கார்ந்தால் கோயில் நிறைந்த மாதிரி இருக்கும். அந்த அரை வருடமும் சபைச் செயலாளர் என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் நான்தான் முன்னால் நின்றேன். நின்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் எனக்கு வேலை. காலையில் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு பரிசோதனை, ரிப்போர்ட். இடையில் போன் அடித்தபடியே இருக்கும். மைக் செட்டில் கரகரவென்று சத்தம் வருகிறது, யாரைக் கூப்பிடுவது? இந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஒத்துக்கொண்டவர் வர முடியாதாம், என்ன செய்வது? பாடகர் குழுவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை, யார் சமாதானம் செய்வது? சபையின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் ஒரு வசனம் வரும், அதற்குக் கீழே ஒரு சண்டை வரும். வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சாப்பிடப் பழகியிருந்தேன். "உக்காந்து தின்னா சோறு இறங்காதா?" என்று என் கணவர் கேட்பார். உட்கார்ந்தால் எதையோ செய்ய மறந்துவிட்டது போல இருக்கும். எழுந்தால் அது என்னவென்று ஞாபகம் வராது.

அந்த நாட்களில்தான் சபைப் பெண்களின் கூட்டமான பெண்கள் ஐக்கியத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். வேதாகமம் கற்றுத்தரும் தலைமைப் பாடங்கள், அதுவும் அன்றாட வாழ்க்கைக்கு. பொறுப்பில் இருக்கிறவள் பேசினால் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். நானும் போனில் தேடினேன். ஐந்து குணங்கள், ஏழு ரகசியங்கள் என்று கொட்டியது. நெகேமியா திட்டமிட்டு மதிலைக் கட்டினார். மோசே தம் மாமனாரின் பேச்சைக் கேட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். தாவீது துணிந்து முன்னால் போனார். அப்படியே எடுத்துப் பேசினேன். பெண்கள் கேட்டார்கள், டீ குடித்தார்கள், நன்றாக இருந்தது என்றார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது.

சிறு வயதிலிருந்து நான் படித்த வேதாகமத்தில் தலைவர்கள் அப்படி இருக்கவில்லை. பாதிப் பேரைப் பொறுப்புக்குப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே சாக்குமேல் சாக்குச் சொல்கிறார். சவுலை ராஜாவாக்கத் தேடினால், அவர் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறார். அத்தனை உயரமான மனிதர் ஒரு மூட்டைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும். என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது நானும் கோயிலின் பின்பக்கம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி.

அடுத்த பேச்சுக்கு என்ன எடுப்பது என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். சிறுநீரகம் போய்விட்டது. கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். நான் தேடிக்கொண்டிருக்கும்போது என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலும்மா?" என்று கேட்டார். சொன்னேன். நான்தான் செயலாளர் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்தக் கோயில்லதான் நான் பாட்டுப் பாடுவேன். முன்வரிசையில நிப்பேன். எனக்குச் சத்தம் ஜாஸ்தின்னு பின்னால தள்ளி விடுவாக."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் சபையைச் சேர்ந்தவர். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டார். தாலி கட்டியது அவர்கள் குலசாமி கோயிலில். அந்த மாதமே சபைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் கோயிலுக்குள் வரவில்லை. தன் அம்மா இறந்தபோது மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

"எங்கம்மா அங்கனதான் இருக்காக. இப்பவும் அந்தத் தோட்டம் இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றேன்.

ஒரு காலையில் அவர் கட்டில் காலியாக இருந்தது. விடியற்காலையிலேயே போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னார். நான் லேபுக்குத் திரும்பி ஊசியைக் கூடக் கீழே வைக்கவில்லை, அவருடைய இரண்டு மகள்களும் வாசலில் வந்து நின்றார்கள். பின்னால் அவர்களுடைய அப்பா. செருப்பை லேபுக்கு வெளியே கழற்றி விட்டுவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மூத்தவள்தான் பேசினாள். "அக்கா, அந்தச் சர்ச்சுக்குச் செயலாளர் நீங்கதான்னு அம்மா சொல்லிச்சு. அம்மா எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அம்மாச்சி பக்கத்துல தன்னைப் புதைக்கணும்னுச்சு."

நான் அவர்களுடைய அப்பாவைப் பார்த்தேன். அவர்கள் ஊரில் எரிப்பதுதான் வழக்கம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.

"சொல்லட்டும் தாயி. அவ என்கூட வந்ததுலேருந்து எதையும் கேட்டதில்ல. இதைக் கேட்டா. நீங்க முடியாதுன்னா எங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்புடுங்க" என்றார்.

சபையின் விதி எனக்குத் தெரியும். சபைப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம். லேபில் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இப்படியும் அப்படியும் நடந்துகொண்டு, எங்கள் சபையையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் போதகருக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கமிட்டி கூடி முடிவெடுங்கம்மா. நீங்க என்ன முடிவெடுத்தாலும் நான் குறுக்கே நிக்கமாட்டேன்" என்றார்.

"ஐயா, அடக்க ஆராதனைக்காவது நீங்க வருவீங்களா?"

"முடிஞ்சா வரேன்" என்றார். வர மாட்டார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கமிட்டியில் ஒருவர் சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். "நீங்களே பாத்துக்கங்க" என்றார். இன்னொருவர் கடையில் கூட்டமாக இருப்பதாகச் சொல்லி, அவரும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோயில் வாசலுக்கு நேரில் வந்தவர் பொருளாளர் ஒருவர்தான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோயில் சொத்து, கட்டடம், கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் சாவி அவரிடம்தான் இருக்கும். என்னைவிட மூத்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை.

"முடியாது" என்றார்.

"அண்ணே, கொஞ்சம் கேளுங்க..."

"என்னத்தக் கேக்க? பேரு லிஸ்ட்ல இருக்கா? இல்ல. சட்டம் இருக்கா? இருக்கு. அப்புறம் என்ன பேச்சு? இன்னைக்கு ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். இருக்கிறது கையகல இடம். நம்ம பிள்ளைகளை எங்குட்டுக் கொண்டு போய் வைக்கப் போறீக?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் கல்லறைத் தோட்டம் கோட்டையூர் போகும் வழியில், வீட்டு மனைகளுக்கு நடுவில் சிக்கிக் கிடக்கிறது. ஒரே குழியில் இரண்டாம் தலைமுறையை வைக்க ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்ன விதம் இடத்தைப் பற்றியது மட்டும் போல எனக்குப் படவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். பேசி முடித்ததும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோட்டத்துச் சாவியும் அவருடன் போய்விட்டது.

கோயிலுக்குள் போனேன். யாரும் இல்லை. நடுப் பாதையில் பீடம் வரைக்கும் போய், திரும்பி வாசல் வரைக்கும் வந்து, மறுபடி போனேன். ஜெபம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முழங்கால் போட்டேன், உடனே எழுந்துவிட்டேன். வெளியே மேகம் கூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவை எத்தனை நேரம் வைத்திருப்பார்கள், மழை வந்தால் குழி வெட்ட முடியுமா, அந்தக் கணவர் எங்கே உட்கார்ந்திருப்பார், மகள்கள் ஏதாவது சாப்பிட்டிருப்பார்களா என்று மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ஓடியது.

அப்போதுதான் செலொப்பியாத்தின் மகள்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற புத்தகத்தில் வருகிற கதை. பிரசங்கத்தில் யாரும் அதிகமாக எடுக்க மாட்டார்கள். செலொப்பியாத் என்பவர் வனாந்தரத்தில் இறந்துபோகிறார். அவருக்கு மகன் கிடையாது, மகள்கள் மட்டும்தான். மகள்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை என்பது அன்றைய வழக்கம். அந்தப் பெண்கள் நேராக வந்து மோசேயின் முன்னால், ஆசாரியர் முன்னால், எல்லா ஜனங்களுக்கும் முன்னால் நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் அழிந்துபோக வேண்டுமா, எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மோசே அப்போது முதியவர். சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான். சட்டத்தில் இல்லை, போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. அவருக்கு விடை தெரியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கடவுளிடம் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்று அங்கே பதில் கிடைக்கிறது.

எனக்கு அப்படிப் பதில் எதுவும் வரவில்லை. காகம் கத்தியது, சாலையில் டவுன் பஸ் போனது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. போனில் தேடிப் பேசிய பாடங்களில் தலைவர்களுக்கு எப்போதும் எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. தெரியாதவள் அதை மறைத்துக்கொண்டு சட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், அதுவும் மூட்டைக்குப் பின்னால் ஒளிவதுதான். கதவைச் சாத்திவிட்டுப் பொருளாளர் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பொருளாளர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"சாவி கேட்டுத்தான வந்திருக்கீக" என்றார்.

"ஆமாண்ணே."

"ஒரு கேள்வி கேக்குறேன். பதில் சொல்லிட்டுச் சாவிய எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உங்களுக்குத் தெரியாது, நீங்க இந்தச் சபைக்குக் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னால. அவளும் இப்படித்தான் போனா, திருக்கோஷ்டியூர்ப் பக்கம். நல்லா வச்சிருந்தான் அவ புருசன். தலைப் பிரசவத்துல செத்துப் போனா. நான் லீவுல வந்திருந்தேன். கமிட்டி முன்னால போய் நின்னேன். ஆறடி இடம் கேட்டேன். முடியாதுன்னாக. சட்டம்னாக. பட்டாளத்துக்காரன், சட்டம்னதும் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். அவுக ஊர்லயே எரிச்சுக் கரைச்சுட்டாக. எங்கம்மா சாகுற வரைக்கும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அவ எங்கடா கிடக்கா, எங்கடா கிடக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அன்னைக்கு எந்தங்கச்சிக்கு இல்லாத இடம் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு? இப்பத் திறந்து விடலாம்னா அப்பவும் திறந்திருக்கலாம்ல? அப்ப நான் வாயை மூடிக்கிட்டு வந்தது எதுக்கு? சொல்லுங்க."

அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. காலம் மாறிவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அவருடைய தங்கை தவறான காலத்தில் செத்துப்போனாள் என்று ஆகும். கமிட்டி அன்று செய்தது தப்பு என்று சொல்லலாம். அது அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருடமாக அந்தச் சட்டத்தை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"தெரியலண்ணே" என்றேன். "எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குப் பண்ணினதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியும்னு தோணல. ஆனா அங்க அந்தப் பிள்ளைக உக்காந்திருக்குக. அதுககிட்டப் போய் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. திறந்து விடலாம்னு இருக்கேன். தப்புன்னா ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் கேளுங்க. பொறுப்ப வேற யார்கிட்டயாவது கொடுத்திருங்க."

எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மழைக் காற்று திரையை உள்ளே தள்ளியது.

"அந்தப் பிள்ளைகளோட அம்மாச்சி கல்லறை கெழக்குச் செவுத்தோரம்" என்றார் கடைசியில். "அங்குட்டு மேடா இருக்கும், தண்ணி நிக்காது. சீக்கிரமா வெட்டச் சொல்லுங்க, மழை வந்துருச்சுன்னா செம்மண்ணு சரியும்."

எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களும் வாங்கண்ணே."

"வரமாட்டேன். கமிட்டியில என் ஓட்டு இடம் கொடுக்க வேணாம்ங்கிறதுதான். அதை அப்படியே எழுதிக்கங்க."

"எழுதிக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக இருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லிக் குழி வெட்ட ஆள் பிடித்தோம். என் கணவர் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு வந்தார். பெண்கள் ஐக்கியத்தில் நாலைந்து பேருக்குச் சொன்னேன், கூடவே வந்தார்கள். அந்த அம்மாவுடன் பாடகர் குழுவில் நின்ற ஒருவர் உடம்பு முடியாத நிலையிலும் ஆட்டோவில் வந்து இறங்கினார். போதகர் வரவில்லை. அடக்க ஆராதனையை ஜெபப் புத்தகத்திலிருந்து நான்தான் வாசிக்க வேண்டும் என்று ஆனது. எங்கள் சபையில் அதுவரை ஒரு பெண் அதை வாசித்ததில்லை.

ஆம்புலன்ஸ் கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் வந்து நின்றது. பள்ளத்தூரிலிருந்து ஒரு வேனில் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் கேட்டுக்கு வெளியேயே நின்றுகொண்டார்கள், முகத்தில் இறுக்கம். சண்டை போடவில்லை, உள்ளே வரவும் இல்லை. அந்த அம்மாவின் கணவர் மட்டும் மனைவியின் கூடவே நடந்து வந்தார். மகள்கள் இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றதைப் பார்த்து நான் திரும்பிப் போனேன்.

இளையவள் கேட்டாள். "எங்க பக்கம் பொம்பளைக சுடுகாட்டுக்கு வரமாட்டோம்க்கா. தெரு முக்கோட நின்னுருவோம். இங்க வரலாமா?"

"வரலாம்மா. குழி வரைக்கும் வரலாம்."

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஈரச் செம்மண்ணில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர் ஏதோ சொன்னார். மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாசித்தேன். இரண்டு தடவை வரி மாறிப்போயிற்று. கால்மாற்றிக் கால்மாற்றி நின்றேன். கணவர் குனிந்து, "நான் என்ன செய்யணும் தாயி?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போடுங்கள் என்றேன். அவர் மண்ணை எடுத்தார், போடவில்லை. கையை மூடிக்கொண்டே நின்றார். மகள்கள் போட்டார்கள். நாங்கள் போட்டோம். கடைசியில் அவர் கையை விரித்தபோது மண் உள்ளங்கையில் ஒட்டிப் பிடித்திருந்தது. மற்றக் கையால் வழித்துத்தான் போட வேண்டியிருந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிறு பொருளாளர் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வேறு சபைக்குப் போகிறார் என்று சிலர் சொன்னார்கள். வாட்ஸ்அப் குழுவில் என்னை ஆதரித்தும் திட்டியும் செய்திகள் வந்தன. தீர்மானம் போடாமல் திறந்தது எப்படி என்று கேட்டார்கள். புதிய போதகர் கிறிஸ்மஸுக்கு முன்பு வந்து சேர்ந்தார். என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. ஆனா முறையாச் செய்யல" என்றார். இரண்டும் உண்மை. இரண்டையும் கேட்டுக்கொண்டு வந்தேன். பெண்கள் ஐக்கியத்தில் செலொப்பியாத்தின் மகள்களைப் பற்றிப் பேசினேன். இந்தத் தடவை எண் போட்டு எதையும் சொல்லவில்லை. மோசே எல்லார் முன்னாலும் தெரியாது என்று நின்ற அந்த ஒரு இடத்தை மட்டும் சொன்னேன். யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. வீட்டில் மருமகளிடம், வேலையில் கீழே இருப்பவர்களிடம் தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை கஷ்டம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொண்டே போனார்கள். டீ ஆறிப்போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய வருவோம். அவரவர் குடும்பத்துக் கல்லறையில் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் போனபோது பொருளாளர் தம் அம்மாவின் கல்லறையில் உட்கார்ந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். அம்மாவின் பெயருக்குக் கீழே கல்லில் புதிதாக ஒரு வரி வெட்டப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் பெயர். அதற்குப் பக்கத்தில் மகள் என்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. எழுத்துக்குள் கறுப்பு இன்னும் பளபளப்பாக இருந்தது.

கமிட்டியின் அனுமதி இல்லாமல் எந்தக் கல்லறைக் கல்லிலும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியைக் காட்டி ஒரு குடும்பம் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து எடுக்க வைத்தவரே அவர்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, இதுக்கும் தீர்மானம் போடணுமா?"

"வேணாண்ணே" என்றேன்.

மறுபடி சுண்ணாம்பைத் தொட்டு அடிக்க ஆரம்பித்தார். நான் கிளம்பவில்லை. அடித்தபடியே கேட்டார். "வேற யாரோ இடம் கேட்டு வந்திருக்காகளாமே?"

வந்திருந்தார்கள். எங்கள் சபையோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு சபைக்குப் போன ஒரு பெரியவர். உடம்பு முடியாமல் கிடந்தார். மனைவி எங்கள் தோட்டத்தில் இருப்பதால் தனக்கும் அங்கேதான் இடம் வேண்டும் என்று பிள்ளைகளை அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார் பொருளாளர்.

சொன்னார்தான். வேதாகமத்திலும் அப்படித்தான் ஆகிறது. மகள்களுக்கு நிலம் உண்டு என்று முடிந்த பிறகு, எண்ணாகமத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தக் குலத்து ஆண்கள் வந்து மோசேயின் முன்னால் நிற்கிறார்கள். இந்தப் பெண்கள் வேறு குலத்தில் கட்டிக்கொண்டால் எங்கள் நிலம் போய்விடுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம் என்றே பதில் வருகிறது, முன்பு சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதோடு முடிந்தது என்று நான் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கமிட்டிக் கூட்டம் வச்சிருக்கோம். வாங்கண்ணே. வராம இருக்காதீக" என்றேன்.

"வருவேன். வேணாம்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

வந்தார். சொன்னார். அன்றைக்கு எல்லாரும் நேரில் வந்திருந்தார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. விதியை எப்படி மாற்றுவது, பெற்றவர்களோ துணையோ அங்கே இருக்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லாருக்குமா, இருக்கும் இடம் போதுமா என்று குரல் உயர்ந்தது, மேசை தட்டப்பட்டது. முடிவு வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் வரவில்லை. பொருளாளர் இரண்டுக்கும் வந்தார். இரண்டிலும் வேண்டாம் என்றார். இரண்டாவதில், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுப்பதாக இருந்தால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவரே அரை மணி நேரம் விளக்கினார்.

இதற்கிடையில் இடம் கேட்டிருந்த பெரியவர் தேறி எழுந்துவிட்டார். போன வாரம் சந்தையில் பார்த்தேன். முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"என்னம்மா, என் விசயத்துல முடிவு பண்ணிட்டீகளா?"

"இன்னும் இல்லைங்கய்யா. பேசிக்கிட்டு இருக்கோம்."

"பேசுங்க, பேசுங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."